பச்சைச் சைக்கிளை எடுக்காதீர்கள்

அந்தப் பச்சையை அங்கேயே சாய்த்து வையுங்கள் தம்பி. முதலில் கறுப்பைப் பாருங்கள். கறுப்புதான் நல்லது.

நான் கடைக்காரன் இல்லை. கடைக்காரர் உள்ளே என் சைக்கிளுக்குச் சங்கிலி மாற்றிக்கொண்டிருக்கிறார். என்னுடையதும் இதே கறுப்புதான், இதே மாடல். பச்சை என் சகலையிடம் இருக்கிறது. அதையும் ஓட்டியிருக்கிறேன். கோயமுத்தூரில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தவர் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார். அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டும் கிராவல் பைக். இரண்டும் ஒரே விலை. தார் ரோட்டிலும் போகும், கல்லும் மண்ணும் கிடக்கிற வாய்க்கால் கரையிலும் போகும். கறுப்பு அலுமினியம். எடை குறைவு. மேடு வந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஏறும். பச்சை ஸ்டீல். கொஞ்சம் கனம். ஆனால் கல்லில் ஓடும்போது பாருங்கள்... அதை விடுங்கள். கறுப்பை எடுங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பச்சை இந்தக் கடையில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதை வாங்கத்தான் நான் வந்திருக்கிறேன். ஆசைக்காக இல்லை. என் மனைவி உடுமலையில் அவள் அப்பா வீட்டில் போய் இருக்கிறாள். ஆடிப்பெருக்குக்குப் போனவள். இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் தெரிந்தால் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். தெரியாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

எல்லாம் இந்தச் சைக்கிளால் வந்தது. ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று சகலையிடம் இருக்கிறது, அதனால்தானே பேச்சு வருகிறது? இரண்டும் என் வீட்டிலேயே இருந்துவிட்டால் யார் என்ன பேச முடியும்? அதற்காகத்தான் வந்தேன். வந்து பார்த்தால் நீங்கள் பச்சையின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

போங்கள், கறுப்பை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். தெருக் கோடியில் கட்டடம் இடித்த காலி மனை இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் விட்டு ஒரு தடவை... வேண்டாம், தார் ரோட்டிலேயே ஓட்டுங்கள்.

வந்துவிட்டீர்களா? பறக்கிறது, இல்லையா?

இப்படி உட்காருங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் பொறாமைக்காரனா என்று. என் மனைவி அப்படிச் சொல்லவில்லை. அவள் தங்கைதான் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். இரட்டை. சுகந்தியும் நளினியும். அச்சில் வார்த்த மாதிரி என்றெல்லாம் இல்லை, பழகிவிட்டால் ஆள் தெரியும். சுகந்தியை நான் கட்டினேன். அதே வருஷம் நளினியை நந்தகோபால் கட்டினான். அவனுக்குப் பல்லடத்தில் கோழித்தீவன ஏஜென்சி. எனக்கு இங்கே கணபதியில் கிரைண்டர் உதிரிபாகக் கடை. வசதியில் அவன் மேல், நான் கீழ் என்று எதுவும் கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

மாமனாருக்கு ஒரு பழக்கம். எதைக் கொடுத்தாலும் இரண்டாகத்தான் கொடுப்பார். யார் முகமும் வாடக் கூடாது அவருக்கு. பெண்களுக்கு என்றால் ஒரே நிறத்தில் இரண்டு, ஒரே கடையில். மாப்பிள்ளைகளுக்கு மட்டும், சாமான் மாறிப்போகாமல் இருக்க, ஒரே விலையில் வேறு வேறாக இரண்டு. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "மூத்த மாப்பிள்ளை எடுக்கட்டும்" என்பார்.

மூத்தவன் நான். முதலில் கட்டியவன். முதலில் எடுப்பது என் உரிமை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியாது தம்பி. தலைதீபாவளிக்கு இரண்டு கைக்கடிகாரம் வைத்தார். தங்க நிறத்தை எடுத்தேன். அடுத்த பொங்கலுக்குள் முலாம் போய்ப் பல்லிளித்தது. அவனுக்கு மிஞ்சிய வெள்ளி நிறம் இன்றைக்கும் அவன் கையில் ஓடுகிறது. இரண்டு மனை கொடுத்தார். கிழக்கு பார்த்ததை நான் எடுத்தேன். மேற்கே ரோடு வந்தது. ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டி இரண்டு கொடுத்தார். நான் எடுத்த குட்டி வளர்ந்து அவன் வந்தால்தான் வாலாட்டியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அவன் வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டான். மிஞ்சியதை வாங்கிக்கொண்டு, "எனக்கு இது போதுமுங்க மாமா" என்று பல் தெரியச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் தம்பி. கழித்துவிட்டதை வாங்கியவன் எப்படி அப்படிச் சிரிக்க முடியும்? எனக்குத் தெரியாதது ஏதோ அவனுக்குத் தெரிந்த மாதிரி.

எங்கள் இரண்டு பேருக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தோம். மாமனார் காதில் அது விழுந்தது. விழுந்தால் விடுவாரா? சித்திரையில் இரண்டு பேரையும் இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதோ இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரியே கறுப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இந்த முறை ஏமாறக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன்.

"நந்து, இந்தத் தடவை நீ முதல்ல எடு" என்றேன்.

"அய்யய்யோ, நீங்க இருக்கையில நான் எப்படீங்கண்ணா?"

"பரவால்ல, எடு. காலம் மாறிப்போச்சு."

"காலம் மாறட்டுமுங்கண்ணா. நீங்க மூத்தவருதானுங்களே."

"சரி, எடுக்க வேண்டாம். உனக்கு எது புடிச்சிருக்குன்னாவது சொல்லு."

"நீங்க எதை விடறீங்களோ, அதுங்கண்ணா."

எப்படி இருக்கிறது பாருங்கள். மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. "அட எடுங்க மாப்பிள்ளை, சைக்கிளுக்கு என்ன முகூர்த்தமா பாக்கோணும்?" என்றார். கறுப்பை எடுத்தேன். பச்சையின் கண்ணாடி போன்ற பெயின்டில் நந்துவின் சிரிப்பு தெரிந்தது.

முதல் ஓட்டம் உடுமலைப் பக்கம், பரம்பிக்குளம் வாய்க்கால் கரையில். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கரை முழுக்கக் கல். என் கை இரண்டும் மரத்துப்போய், பல் அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் அவன் பாட்டு முனகிக்கொண்டு வருகிறான். பாட்டு நடுங்கவில்லை தம்பி. கல்லின்மேல் போகிறவனுடைய பாட்டு நடுங்க வேண்டாமா? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "பச்ச வண்டி லட்சணமா இருக்குதுங்க சாமி" என்றது. கறுப்பு ஒன்று அங்கே போனதாகவே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

"கொஞ்ச தூரம் மாத்தி ஓட்டலாமா நந்து?" என்றேன். உடனே இறங்கிக் கொடுத்துவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. பச்சையில் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், மெத்தைமேல் போகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் திருமூர்த்தி மலை மேடு வந்ததும் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் கறுப்பில் அவன் புள்ளியாகப் போய்விட்டான். மேலே போய் நின்றுகொண்டு, "அண்ணா, உங்க வண்டி என்னமா ஏறுதுங்க!" என்று கத்துகிறான். திருப்பி வாங்கிக்கொண்டேன். இறக்கத்தில் மறுபடியும் கை மரத்தது.

அதாவது தம்பி, அவன் உட்காருகிற சைக்கிள்தான் நல்ல சைக்கிள். இதைப் பொறாமை என்று சொல்லாதீர்கள். ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். சீட்டை மாற்றினேன், டயரை மாற்றினேன், ஹேண்டிலுக்கு மெத்து மெத்தென்று துணி சுற்றினேன். டயரில் எவ்வளவு காற்று வைக்கிறாய் என்று அவனுக்குப் போன் செய்து கேட்பேன். சுகந்தி அடுப்படியிலிருந்து பார்ப்பாள். ஒரு தடவை மட்டும், "வாங்கினதை ஒரு நாளாவது சந்தோசமா ஓட்டுங்களேன்" என்றாள். நான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். சந்தோசத்தை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. உடுமலையில் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், கடைசியில் தயிர்ச் சாதம். பேச்சு சைக்கிளுக்கு வந்தது. பச்சையைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று நந்துவிடம் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நளினி சாதக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மச்சான், ஒண்ணு பண்ணுங்க. இனிமே எங்கூட்டுக்காரரு எடுத்ததுக்கப்புறம் உங்களுதை எடுங்க. அப்பவும் அவரு கையில இருக்கறதுதான் உங்க கண்ணுக்கு ஒசத்தியாத் தெரியும். இது பொறாமையில சேர்த்தியா, வியாதியில சேர்த்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"என் ராசி அப்படி நளினி. ரெண்டுல எதை எடுத்தாலும் விட்டதுதான் ஒசத்தியாப் போகுது. இன்னைக்கு நேத்தா? மொத நாள்லயிருந்தே அப்படித்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். நந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்தி எனக்குத் தயிர்ச் சாதம் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்த கரண்டியை இலையில் வைத்தாள். அடுத்த கரண்டி வரவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தயிர் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் கடிகாரத்தைச் சொன்னேன் தம்பி. தலைதீபாவளிக் கடிகாரத்தை. அதுதானே முதல் நாள்? வேறு எந்த முதல் நாள்?

சாயங்காலம் கிளம்பும்போது அவள் காரில் ஏறவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலியா இருக்குது. நான் இருந்துட்டு வர்றேன்" என்றாள். அவள் அம்மா பக்கத்தில்தான் நின்றார். தேங்காய் மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தவரே அவர்தான்.

ஒரு வாரம் பார்த்தேன். நானே போன் செய்தேன். அப்போதுதான் கேட்டாள்.

உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரட்டைப் பிறப்பு அல்லவா? ஒரே நட்சத்திரம், ஒரே ராசி, ஏறக்குறைய ஒரே ஜாதகம். நான் பெண் பார்க்கப் போனபோது இரண்டுமே எனக்குப் பொருந்துகிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். மாமனாருக்கு ஒரு பெண்ணை மறைத்து ஒரு பெண்ணைக் காட்ட மனசு வரவில்லை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒரே அரக்கு நிறப் புடவை. மாப்பிள்ளையே சொல்லட்டும் என்றார். என் அம்மா காதோடு, "யாருடா?" என்று கேட்டாள். நான் சுகந்தியைக் காட்டினேன். இதுதான் நடந்தது.

சுகந்தி போனில் கேட்டாள். "அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் காப்பி கொண்டாந்து நின்னோம். நீங்க என்னைக் காட்டுனீங்க. ஏனுங்க?"

"இதுல என்ன சுகந்தி இருக்குது?" என்றேன். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான இருந்தீங்க."

நியாயமான பதில்தானே? ஒருத்தரை உயர்த்தி ஒருத்தரைத் தாழ்த்தினேனா? மாமனாரே இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அங்கே ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "யோசிங்க. தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போங்க. தெரியலைன்னா..." என்றாள். வைத்துவிட்டாள்.

சைக்கிள் கோபம் என்று புரிந்தது. நேரே பல்லடம் போனேன். இனிமேல் பேச்சே வேண்டாம், சைக்கிளை ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நந்துவிடம் சொன்னேன்.

"எடுத்துக்குங்கண்ணா. ரெண்டையுமே வேணுமின்னாலும் எடுத்துக்குங்க. ஆனா அக்கா சைக்கிளுக்காகவா போயி உக்காந்திருக்காங்க?"

"வேற எதுக்கு?"

அவன் ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமல் பேசினான்.

"உங்ககிட்ட இதைச் சொன்னதில்லைங்கண்ணா. நளினியை நான் காலேஜுலயே பாத்தவன். அவங்கப்பாகிட்டப் போய்க் கேக்கறதுக்குள்ள உங்க ஜாதகம் வந்துடுச்சு. நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னைக்கு நான் உடுமலை பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். நீங்க யாரைக் காட்டப் போறீங்கன்னு தெரியாம. பச்சத் தண்ணி தொண்டையில இறங்கலை. அக்காவைத்தான்னு சேதி வந்துச்சு பாருங்க..." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அந்தத் தடியனுக்கு. "அன்னையிலிருந்து நீங்க எதை விட்டாலும் எனக்குச் சந்தோசந்தானுங்கண்ணா."

கேட்டீர்களா தம்பி? மிஞ்சியதை வாங்கிக்கொண்டு சிரிக்கிறான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவனோ வேண்டும் வேண்டும் என்று காத்திருந்து வாங்கியிருக்கிறான். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய், பஜ்ஜி தின்றுவிட்டு, விரலை நீட்டிவிட்டு வந்தேன். அதிலும் அவனுக்குத்தான் ஒசத்தி. ஒரு பஸ் ஸ்டாண்டில் பட்டினியாக உட்கார்ந்திருந்ததில்கூட என்னை முந்திவிட்டான். சைக்கிளை மாற்றிக்கொள்ளாமலே திரும்பி வந்துவிட்டேன். கார் ஓட்டும்போதும் கை மரத்தது. கல்லே இல்லாத ரோடு.

சுகந்தி கேட்டதை யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இருக்கிறது, ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. நீங்கள் யாரோ, அதனால் சொல்கிறேன்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. புதுச் செருப்பு. மானம் போகிறதே என்று அறுந்த பக்கத்தை உள்ளே தள்ளி மறைத்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். பின்வாசல் திறந்திருந்தது. அங்கே படியில் அரக்குப் புடவையில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து குனிந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் இருந்தது என் செருப்பு. யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் காபியோடு வந்தார்கள். யார் அவள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நளினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்தியிருக்கிறது. அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். அம்மா கேட்டாள், காட்டிவிட்டேன்.

செருப்புத் தைத்ததற்காகக் கட்டிக்கொண்டேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா தம்பி? இருக்கிற கோபத்தில் அதையும் சொன்னால் என்ன ஆகும்?

என்ன? அதையேவா சொல்லச் சொல்கிறீர்கள்?

விளையாடாதீர்கள். நீங்கள் சின்னவர், உங்களுக்குத் தெரியாது. சரி, போங்கள், போய்ப் பச்சையை ஓட்டிப் பாருங்கள். ஓட்டாமல் விடமாட்டீர்கள், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. போங்கள்.

என்ன, காலி மனைக் கல்லுக்குள்ளேயும் விட்டீர்களா? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேசிக்கொண்டே பார்த்தேன்.

ஆமாம், பேசினேன். நீங்கள் திரும்புவதற்குள் எண்ணை அழுத்திவிட்டேன். அவள் "ம்" என்றாள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"செருப்பு" என்றேன்.

"என்ன செருப்பு?"

"அன்னைக்கு என் செருப்பு அறுந்து போச்சு. நீ பின்னாடி உக்காந்து தைச்சே. நான் பாத்துட்டேன். அதான். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அது நானில்லைங்க" என்றாள். "நளினி."

"விரலை வாயில வெச்சிருந்தயே!"

"காப்பி டம்ளர் சுட்டுடுச்சு."

நீங்கள் அப்போது அந்த முனையில் பச்சையைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். வெயில் அதன்மேல் பட்டது. நான் பார்த்துக்கொண்டே, "சரி, அதனால என்ன?" என்றேன்.

"என்னது?"

"அவ தைச்சா தைச்சுட்டுப் போறா. அதுக்கு இப்ப என்ன? நீ எப்ப வர்றே? காலையில ரெண்டு டம்ளர் காப்பி போட்டுடறேன், தினமும். கை அப்படியே போட்டுடுது. ஒண்ணைக் கீழ ஊத்த வேண்டியிருக்குது."

அப்புறம் சளி பிடித்த மாதிரி ஒரு குரலில், "நெசமாவே அதனால என்னவாங்க?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. பொழுது சாயறதுக்குள்ள வாங்க. கார்ல வாங்க. மேல சைக்கிளைக் கட்டிட்டு வந்தீங்கன்னா இறங்கவே வேண்டாம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பான பதில்தானே சொன்னேன்? ஆளே மாறிப்போன பதில். நல்ல பதிலாக ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் அழாமல் இருந்திருப்பாள். உங்களுக்குப் புரிகிறதா? சிரிக்காதீர்கள்.

சங்கிலி மாட்டியாகிவிட்டதாம், கூப்பிடுகிறார். கிடக்கட்டும், கறுப்பை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன். நான் வீட்டுக்குப் போய்க் காரை எடுத்து, பொள்ளாச்சி ரோட்டில் கூட்டம் சேர்வதற்குள் போக வேண்டும்.

பச்சையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. நிஜமாகத்தான் சொல்கிறேன். எங்கே, ஏறி உட்காருங்கள் பார்க்கலாம். உங்கள் உயரத்துக்குச் செய்து வைத்த மாதிரி இருக்கிறது. கல்லில் விட்டீர்களே, கை அதிரவே இல்லையா? கொஞ்சம்கூட இல்லையா? ஒரு நிமிஷம் இறங்குங்கள், நான் ஒரே ஒரு சுற்று...

இல்லை, இல்லை. இறங்காதீர்கள். அப்படியே உட்காருங்கள். கடைக்காரரைக் கூப்பிட்டு, நான் அந்தப் படியை விட்டு இறங்குவதற்குள் பில் போடச் சொல்லிவிடுங்கள்.